சங்கு விழுங்கிய சேதி

அத்தியாயம் 6

கோவிந்தாபுரம் செக்போஸ்டில் திறந்த வாயைத் தமிழ்ப்ரியா மறையூர் தாண்டியும் மூடவில்லை.

"ஏனுங்க சார், ஆனை வந்தாச் சொல்றதுக்கு ஒரு மெசினு. மெசினுக்குச் சொல்றதுக்கு ஒரு ஆளு. ரெண்டும் சொல்லாம உட்டா, ஏன் சொல்லலைன்னு கேக்கறதுக்கு நாம. இதுல சம்பளமில்லாம நடந்து நடந்து வேலை பாக்கறது அந்த ஆனை ஒண்ணுதான்."

செங்கோட்டையன் சிரிக்கவில்லை. கொழிஞ்சாம்பாறையில் துப்பறியும் நிறுவனம் என்று போர்டு மாட்டிவிட்டு, பாதி நாள் காணாமல் போன மாடுகளையும் மீதி நாள் காணாமல் போன மாப்பிள்ளைகளையும் தேடிக்கொண்டிருக்கிற மனிதருக்குச் சிரிப்பு சுலபத்தில் வராது. காரை வளைவில் ஒடித்துத் திருப்பியபடி கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார்.

பின்சீட்டில் கோகுல்நாத் உட்கார்ந்திருந்தான். எலப்புள்ளிக்காரன். கஞ்சிக்கோட்டில் நாலு நாற்காலி, நாலு கம்ப்யூட்டர் வைத்து ஒரு சாப்ட்வேர் கம்பெனி நடத்துகிறான். தமிழ்ப்ரியா முன்பு அவனிடம்தான் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தாள். "கம்ப்யூட்டர்கிட்டயே பேசிப் பேசி வாய் துருப்புடிச்சுப் போச்சுங்க" என்று ஒருநாள் எழுந்து வந்து செங்கோட்டையனிடம் சேர்ந்தவள், அந்தத் துருவை இன்றுவரை தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

"மறுக்கா ஒருவாட்டி சொல்லுங்க கோகுலு. மொதல்ல இருந்து" என்றார் செங்கோட்டையன்.

கோகுல்நாத் தொண்டையைச் சரி செய்துகொண்டான். அவன் கம்பெனியின் ஒரே பெருமை, மூன்று வருஷமாக ஓடுகிற 'காவல்மணி'. காட்டோரக் காவல் மாடத்தில் ஒரு வாச்சர் இருப்பார். யானையைப் பார்த்தால் பொத்தானை அமுக்குவார். சேதி ஒயர் வழியாக எஸ்டேட்டின் மஸ்டர் ஆபீஸில் இருக்கிற சர்வருக்குப் போகும். வாங்கிக்கொண்டேன் என்பதற்கு அடையாளமாக மாடத்தில் பச்சை விளக்கு ஒருமுறை மின்னும். உடனே தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளில் உள்ள எல்லாப் போனுக்கும் எச்சரிக்கை பறக்கும். டவர் இல்லையென்றால் சர்வர் சேதியை வைத்திருந்து, டவர் வந்ததும் அனுப்பும்.

தேவிகுளத்துக்குப் பக்கத்து எஸ்டேட்டில் போன மாதம் ஒரு காலையில் எந்தப் போனும் சத்தம் போடவில்லை. கொழுந்து எடுக்கப் போன ரோசி, தேயிலைக்குள் நின்ற கொம்பன் யானைக்கு எதிரிலேயே போய் நின்றுவிட்டாள். உயிர் பிழைத்தது. இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. அன்று மாடத்தில் இருந்த வாச்சர் சிலுவைராஜ், ரோசியின் கொழுந்தன். அமுக்கினேன் என்கிறான் அவன். அப்படி ஒரு சேதியே வரவில்லை என்கிறது சர்வர்.

"இன்னிக்கு மூணு மணிக்கு எஸ்டேட்ல அன்வேஷணம், மேனேஜர் விசாரிக்கறாருங்க. அவன் மேல தப்புன்னு முடிவாச்சுன்னா வேலையும் போயிரும், லயமும் போயிரும். சர்வர்ல ஒரு கொறையும் இல்லைன்னு நீங்க ஒரு ரிப்போர்ட் மட்டும் குடுத்தாப் போதும்" என்றான் கோகுல்நாத்.

"கொறை இருந்தா?"

"இருக்காதுங்க. லினக்ஸ்னா ஒண்ணா ரெண்டா, குடும்பம் குடும்பமா இருக்குது. ஒரு குடும்பத்துல ஓடற புரோகிராம் இன்னொண்ணுல போய்ப் படுத்துக்கும். நம்ம காவல்மணி எங்க கொண்டுபோய் வெச்சாலும் ஒரு எழுத்து மாத்தாம ஓடுமுங்க."

"எந்த ஊட்டுக்குப் போனாலும் கை நனைக்கற மாமனாட்ட" என்றாள் தமிழ்ப்ரியா.

"எலப்புள்ளியிலயும் இதே சர்வர்தான?" என்று கேட்டார் செங்கோட்டையன்.

"ஆமாங்க. நெல்லு வயலுக்கு வெச்சது. அங்க ஒரு புகாருமில்ல. போன வாரங்கூட நானே போய் ஒரு சின்ன வேலை பார்த்துட்டு வந்தனுங்க."

செங்கோட்டையன் சட்டைப்பையிலிருந்து ஒரு கமர்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மனதில் ஏதாவது உறுத்தினால்தான் அவர் கமர்கட் தின்பார். தமிழ்ப்ரியா அதைக் கவனித்தாள். ஆனால் எது உறுத்தியது என்று அவளுக்குத் தெரியவில்லை.

*

சிலுவைராஜ் லயத்தின் கடைசி வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நாலு வீடு தள்ளி அண்ணன் சுவக்கீனின் வீடு. அந்தக் கதவு இவனைப் பார்த்ததும் சாத்திக்கொண்டது போலிருந்தது. தண்ணீர்க் குழாயடியில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் குடத்தைப் பார்த்தார்கள்.

"அமுக்குனீங்களா?" என்று நேராகக் கேட்டார் செங்கோட்டையன்.

"அமுக்குனேன் சார். பச்ச மின்னிச்சு. அப்பொறந்தான் கட்டஞ்சாயா குடிக்க உக்காந்தேன்." அவன் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டான். "இப்பிடித்தான் மொதல்ல சொல்லிட்டுத் திரிஞ்சேன். எல்லாரும் இல்ல இல்லங்காவ. நாளாக நாளாக எனக்கே குழப்பமாயிட்டு. மின்னுனது அன்னைக்கா, அதுக்கு மொத நாளா? மதினி அங்க கெடந்து அலறுது. நான் இங்க சாயா குடிச்ச கணக்கத்தான் சொல்லிட்டு இருக்கேன்."

"அண்ணே, சாயா குடிக்கறது குத்தம்னா எங்க சார் எப்பவோ தூக்குல தொங்கியிருக்கோணும்" என்றாள் தமிழ்ப்ரியா.

அவன் சிரிக்க முயன்றான். முடியாமல் கண் கலங்கியது. அவளுக்கு ஏன் அதைச் சொன்னோம் என்றாகிவிட்டது.

செங்கோட்டையன் குரலைத் தணித்தார். "இதுக்கு முன்னால சேதி போகாம இருந்திருக்கா?"

"இருக்கு சார். விடியக்காலம் அமுக்குனா போகாது. ராத்திரி அமுக்குனா போயிரும். வாச்சர்மாரு விடியக்காலம் ஒறங்கிருதாங்கன்னு மேனேஜர் ஏசுவாரு."

"விடியக்காலத்துல அப்பிடியென்ன?"

"இங்க டவரு சூரிய பேட்டரில ஓடுது. விடியுற நேரம் படுத்துக்கிடும். வெயில் ஏறுனாத்தான் எந்திரிக்கும்."

"அப்ப வெயில் ஏறினதும் சேதி வந்தரணுமே. சர்வர் வெச்சிருந்து அனுப்புமல்ல?"

"முன்னால அப்பிடித்தான் சார். தாமசிச்சாலும் வந்துரும். ஆளுக மலையேறுறதுக்குள்ள வந்துரும். இப்ப சித்திரைக்குப் பொறவுதான் வரதேயில்ல."

"சொன்னீங்களா யார்கிட்டயாச்சும்?"

"சொன்னேன். ஒறங்குனவன் சாக்கு சொல்லுதான்னாவ." அவன் திடீரென்று எழுந்து நின்றான். "சார், எனக்கு இந்த வழக்கே வேண்டாம். தப்பு நான்தான் செஞ்சேன்னு எழுதிக் குடுத்துருதேன். அண்ணன் மூஞ்சியப் பாக்க முடியல. தப்பு செஞ்சேன்னு சொல்லிட்டாலாச்சும் ஏசுவான். இப்ப ஏசக்கூட மாட்டேங்கான்."

செங்கோட்டையன் அவன் தோளில் கை வைத்தார். "மூணு மணி வரைக்கும் பொறுங்க. ஒரே ஒரு உதவி. இப்ப மாடத்துக்குப் போய் நில்லுங்க. நான் போன் பண்ணினா பொத்தானை அமுக்கணும்."

"நான் அதத் தொட மாட்டேன் சார்."

"நீங்கதான் தொடணும்."

*

மஸ்டர் ஆபீஸ் என்பது ஆள் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம். கிளார்க் ஜோபி அலமாரியைத் திறந்து காட்டினான். விபத்துக்குப் பிறகு மேனேஜர் பூட்டி வைத்தது இன்றுதான் திறந்தது. உள்ளே டிபன் கேரியர் அளவுக்கு ஒரு சர்வர், ஒரு ஸ்கிரீன். அலமாரிக்கு வெளியே சுவரில் பழைய மரப்பலகை, அதில் கறுப்புச் சுவிட்சுகள். அதற்கு மேலே எஸ்டேட்டுக்கே நேரம் சொல்லும் சங்கின் நெம்புகோல்.

செங்கோட்டையன் சர்வரின் ஆன்டெனாவைக் கழற்றச் சொன்னார். "இப்ப நம்ம டவரும் படுத்தாச்சு." போனை எடுத்தார். "சிலுவை, அமுக்குங்க."

கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஸ்கிரீனில் 'காத்திருப்பவை: 1' என்று வந்தது.

"பச்ச மின்னுது சார்!" போனில் சிலுவைராஜின் குரல் உடைந்தது.

"பாருங்க, அருமையா வேலை செய்யுது. வெச்சிருக்குது பாருங்க" என்றான் கோகுல்நாத் அவசரமாக.

"பொண்ணு பாக்க வந்த எடத்துலயே தாலிய நீட்டாதீங்க முதலாளி" என்றாள் தமிழ்ப்ரியா.

செங்கோட்டையன் ஜோபியோடு ஊர்க்கதை பேச ஆரம்பித்தார். மழை, கொழுந்து, ஜோபியின் கல்யாணம். துப்புத் துலக்க வந்தவர் தரகராகிவிட்டாரே என்று தமிழ்ப்ரியா கொட்டாவி விட்டாள். சாப்பாட்டுச் சங்கு ஊதும் வேளை வந்தது. ஜோபி, பெண் வீட்டார் நெடுங்கண்டத்துக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டே, பலகையில் ஒரு சுவிட்சைக் கீழே தட்டினான். நெம்புகோலை இழுத்தான். மலை முழுக்கச் சங்கு அலறியது. விட்டான். சுவிட்சை மேலே தட்டினான். "அவிய அஞ்சு பேருண்டு சாரே" என்று கதையைத் தொடர்ந்தான்.

கதையை யாரும் கேட்கவில்லை. மூன்று பேரும் சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன் விளக்கு செத்து, மறுபடி பிறந்துகொண்டிருந்தது.

"ஜோபி, அந்தச் சுவிட்ச எதுக்குத் தட்டினீங்க?"

"அதா? சங்கும் மத்ததும் ஒன்னிச்சு ஓடுனா ஃபியூஸ் போயிரும் சாரே. எங்க அப்பன் கிளார்க்கா இருந்த காலத்துல இருந்தே இப்பிடித்தான். சங்குக்கு முன்னால எல்லாத்தையும் அணைக்கணும்."

"காலைச் சங்குக்குமா?"

"எல்லாச் சங்குக்கும்."

ஸ்கிரீன் விழித்துக்கொண்டது. தமிழ்ப்ரியா குனிந்து படித்தாள். "காத்திருப்பவை பூஜ்யம். அனுப்பியவை பூஜ்யம்." அவள் மெதுவாக நிமிர்ந்தாள். "சார், சேதியக் காணோம்."

ஆட்களை வேலைக்குக் கூப்பிடுகிற சங்கு, வேலைக்குப் போகாதே என்ற சேதியை விழுங்கியிருக்கிறது. தினமும் விழுங்கியிருக்கிறது. விடியக்காலையில் டவர் படுத்திருக்கும், சர்வர் சேதியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கும், ஜோபி சங்கு ஊதுவான். வெயில் ஏறி டவர் எழுந்திருக்கும்போது மடியில் ஒன்றும் இருக்காது.

ஜோபியின் முகம் சாம்பலாகிவிட்டது. "கர்த்தாவே, அப்போ நானா? ரோசியக்காவ நானா..."

"நீங்க இல்ல. உங்கப்பன் காலத்து வழக்கம் மூணு வருசமா இந்தச் சர்வரையும் அணைச்சுட்டுத்தான் இருந்துச்சு. அப்பெல்லாம் சேதி தப்பிச்சுது. சித்திரைக்குப் பொறகுதான் சாகுது." செங்கோட்டையன் கோகுல்நாத்தின் பக்கம் திரும்பினார். "சித்திரைல என்ன மாத்தினீங்க?"

"ஒரு எழுத்து மாத்தலீங்க. சத்தியமா."

"எழுத்த மாத்தல. ஊட்ட மாத்தினீங்களா?"

கோகுல்நாத் கைக்குட்டையைத் தேடினான். "பழைய லினக்ஸுக்கு ஆயுசு முடிஞ்சு போச்சுங்க. அத ஆதரிக்கறத நிறுத்திட்டாங்க. அதனால வேற குடும்பத்து லினக்ஸ்ல ஏத்துனோம். எல்லா எடத்துலயும்."

"ப்ரியா, எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

அவள் கீபோர்டை இழுத்துக்கொண்டாள். "லினக்ஸ் எல்லாத்துலயும் ஒரு டெம்ப் ஃபோல்டர் உண்டுங்க சார். கைச்சாமானைத் தற்காலிகமா வெச்சுக்கற எடம். ஆனா ஊட்டுக்கு ஊடு பழக்கம் வேற. பழைய ஊட்டுல, அணைச்சுப் போட்டாலும் வெச்சது வெச்ச எடத்துல இருக்கும். பத்து நாளைக்குத் தொட மாட்டாங்க. புது ஊட்டுல தினமும் எந்திரிச்சதும் மொத வேலையா அந்த எடத்தைக் கூட்டித் தள்ளிருவாங்க. ரெண்டும் தப்பில்ல. எந்தக் கூறுகெட்டவனோ ஆனைச் சேதியக் கொண்டுபோய் அந்த எடத்துல வெச்சிருக்கான். இருங்க, ஆருன்னு பாத்தரலாம். பேரு போட்டிருப்பான். பேரு போடாம எழுதறதுக்கு எங்க முதலாளி உட மாட்டாரு."

எழுத்துகள் ஸ்கிரீனில் ஓடின. நின்றன.

தமிழ்ப்ரியாவின் விரலும் நின்றது.

செங்கோட்டையன் எட்டிப் பார்த்தார். புரோகிராமுக்கு நடுவே ஒரு குறிப்பு. 'இப்போதைக்கு இங்கே வைக்கிறேன். பிறகு மாற்றிக்கொள்ளலாம்.' அதன் கீழே எழுதியவர் பெயர். தமிழ்ப்ரியா.

அவள் நகைச்சுவையாக ஏதாவது சொல்வாள் என்று செங்கோட்டையன் காத்திருந்தார். அவள் அந்தப் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அணைச்சுப் போட்டுப் பார்த்தனுங்க சார்" என்றாள் கடைசியில். "அன்னிக்கு அணைச்சுப் போட்டுப் பார்த்தேன், இருந்துச்சு. அதுதான் ஓடுதேன்னு உட்டுட்டேன். நான் ஊட்டைத்தான் நம்புனேன்."

செங்கோட்டையன் இன்னொரு கமர்கட்டை வாயில் போட்டுக்கொண்டார். காரில் உறுத்தியது இன்னும் தீரவில்லை. அவர் கோகுல்நாத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"கோகுலு, போன வாரம் எலப்புள்ளியில நீங்க பார்த்த சின்ன வேலை என்ன?"

கோகுல்நாத் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தான்.

"அங்க ஒரு புகாருமில்லைன்னீங்க. புகாரில்லாத எடத்துக்கு முதலாளி நேர்ல போய் எதுக்கு வேலை பாக்கணும்? அங்க சேதிய வேற ஃபோல்டருக்கு மாத்தீட்டீங்க. இங்க அலமாரி பூட்டிக் கெடந்துச்சு, மாத்த முடியல. கோளாறு என்னன்னு உங்களுக்குப் போன வாரமே தெரியும். தெரிஞ்சும் சிலுவைராஜ் தலைல விடியட்டும்னு உட்டீங்க."

"கம்பெனி மூடிப் போயிருமுங்க" என்றான் கோகுல்நாத். குரல் தரையைப் பார்த்து வந்தது.

"அத்தனையும் தெரிஞ்சவரு எதுக்கு எங்கிட்ட வந்தீங்க? பாலக்காட்டுல வேற ஆளா இல்ல?"

கோகுல்நாத் தமிழ்ப்ரியாவைப் பார்த்தான். "உம் பேரு அதுல இருக்குது ப்ரியா. அதப் பார்த்தா நீ மூடி மறைச்சிருவேன்னு நெனச்சேன். ஆரு மேலயும் இல்லாம, ஏதோ ஒயர் கோளாறுன்னு... நீயும் தப்பிச்சுக்குவே, நானும் தப்பிச்சுக்குவேன்."

சாமர்த்தியக்காரன். குற்றத்தை மறைக்க அதே குற்றத்தில் பங்குள்ளவளையே துப்பறியக் கூட்டி வந்திருக்கிறான். செங்கோட்டையன் தன் தொழிலில் பல திருடர்களைப் பார்த்திருக்கிறார், இப்படி ஒரு கணக்குப் போட்டவனைப் பார்த்ததில்லை. அடிக்கலாம் போல் கோபம் வந்தது. ஆனால் அவன் கணக்கில் பாதி இன்னும் தீராமல் இருந்தது. அது தமிழ்ப்ரியாவிடம் இருந்தது.

"மூணு மணிக்கு ரிப்போர்ட் குடுக்கணும் ப்ரியா" என்றார். "ஒயர் கோளாறுன்னு நான் எழுத மாட்டேன். உன் பேரச் சேர்க்கறதா வேண்டாமான்னு நீதான் சொல்லணும்."

அவள் ஆன்டெனாவை எடுத்து மறுபடி மாட்டினாள். சேதி காத்திருக்கும் இடத்தை மாற்றி எழுதினாள். ஜோபியிடம் சுவிட்சை அணைத்துப் போடச் சொல்லிச் சரிபார்த்தாள். பிறகு மறுபடியும் சரிபார்த்தாள். எழுந்து துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ரிப்போர்ட் எழுத வேண்டாமுங்க சார். நான் போய்ச் சொல்றேன்."

*

விசாரணை மஸ்டர் முற்றத்தில் நடந்தது. மேனேஜர் மேசைக்குப் பின்னால். லயத்து ஜனங்கள் சுற்றிலும். ஒரு பெஞ்சில் சிலுவைராஜ் தனியாக. எதிர்ப் பெஞ்சில் சுவக்கீன், தம்பியைத் தவிர எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேனேஜர் வாயைத் திறக்கும் முன் சிலுவைராஜ் எழுந்துவிட்டான். "சார், நான் ஒத்துக்கிடுதேன். நான் அமுக்கல. ஒறங்கிட்டேன்..."

"அவரு உறங்கலீங்க!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தமிழ்ப்ரியா வந்தாள். மேசைக்கு எதிரே நிற்காமல் பெஞ்சுகளுக்கு நடுவே வந்து நின்றாள். டெம்ப் ஃபோல்டர், சங்கு, டவர், பழைய வீடு, புது வீடு எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் ஒரு கேலியும் இல்லை. "அத அங்க வெச்சது நான். அப்புறம் மாத்திக்கலாம்னு எழுதி வெச்சிட்டு மாத்தாமப் போனேன். ஊட்ட மாத்துனவங்க பார்க்கல. பார்த்த பொறகும் சொல்லல. ஆனா மொதல்ல வெச்சது நான்."

கோகுல்நாத் கூட்டத்தின் ஓரத்தில் நின்று தலையை ஆட்டினான். இனி மறுத்துப் பயனில்லை என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது.

சிலுவைராஜ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பேசியதில் பாதி அவனுக்குப் புரிந்திருக்காது. அவன் கேட்டது ஒன்றே ஒன்று.

"அப்போ அன்னைக்குப் பச்ச மின்னிச்சா தாயி?"

"மின்னுச்சுங்ணா. நீங்க பார்த்தது நெசந்தான்."

அவன் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான். சுவக்கீன் எழுந்து வந்தான். தம்பியின் பக்கத்தில், தோள் இடிக்கிற நெருக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு தமிழ்ப்ரியாவை நிமிர்ந்து பார்த்தான்.

"ரோசி இவன் மேல சாபம் விட்டுக் கெடக்கா. நாங்க சொன்னா, தம்பி தப்ப மறைக்கோம்னு நெனைப்பா. நீ வந்து சொல்லுதியா?"

"வர்றனுங்க."

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி முழுக்கக் காரில் சத்தமே இல்லை. வழக்கமாக இந்த வாயை எப்படி மூடுவது என்று யோசிக்கிற செங்கோட்டையன், இன்று எப்படித் திறப்பது என்று தெரியாமல் ஒரு கமர்கட்டை நீட்டினார். அவள் வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

கட்டிலில் கிடந்த ரோசி, அண்ணனும் தம்பியும் சேர்ந்து உள்ளே வருவதைப் பார்த்தாள். கொழுந்தனைக் கண்டதும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். இடுப்பை அசைக்க முடியாததால் முகத்தை மட்டும்தான் திருப்ப முடிந்தது.

தமிழ்ப்ரியா கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய், சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே இருந்த இடுக்கில் புகுந்து, அந்த முகத்துக்கு எதிரே மண்டியிட்டாள்.

"அக்கா, அவரு உங்களுக்குச் சொன்னாருங்க" என்றாள். "நாந்தான் தொலைச்சுப் போட்டேன்."